பூஜ்யம் விட்டுப்போன பெயர்

1989-இல் ஒரு மாதச் சம்பளம் போட்டு மூன்று நாள் ஆகியிருக்கும். எங்கள் கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி பட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்று எல்லாரும் நம்பினோம். ஏசி குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"சார், எம் பேரு முருகன். இதுல முருகன்மூர்த்தின்னு வந்திருக்கு. பேங்க்ல காசு ஏத்த மாட்டேங்கறாங்க."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்தில் முருகன்மூர்த்தி என்றே அச்சாகியிருந்தது. நம்பர் சரி, துறை சரி, அடிப்படைச் சம்பளம் சரி. பெயர் மட்டும் வேறு யாரோ. வங்கிக்கு நாங்கள் அனுப்பிய பட்டியலிலும் அதே பெயர். கணக்கு எண் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் எந்த வங்கி அதிகாரியும் பணத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில்தான் போட்டு வைப்பார். பத்து வருடம் தற்காலிகத் தொழிலாளியாக இருந்து அந்த மாதம்தான் நிரந்தரமானவர் அவர். முதல் முழுச் சம்பளம். மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்று நாளாக வட்டிக்கு வாங்கிச் செலவழித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் மேலாளருக்கு ஐந்து நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிட்டார். டேட்டா என்ட்ரி செய்யும் பெண். "பேரைத் தப்பா அடிச்சிருக்கா." கோப்பைத் திறந்து பார்த்தோம், முருகன் என்று சரியாகத்தான் இருந்தது. "மாட்டிக்குவோம்னு இப்ப வந்து திருத்தியிருப்பா" என்றார். மாலைக்குள் அந்தப் பெண்ணுக்கு மெமோ போய்விட்டது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். புரோகிராம் எழுதியது நான். புரோகிராம் போய் யாருடைய பெயரையாவது மாற்றுமா என்று நானும் நினைத்தேன்.

அடுத்து வருவது கொஞ்சம் தொழில் விஷயம். சி மொழியைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். ஒரு சங்கதி முன்கூட்டியே: சியில் உள்ள பெயர்களை நாங்கள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன். மெம்காப்பி, ஸ்டர்காப்பி, ஸ்டர்லென் என்று. ஆங்கிலத்தில் அவற்றில் பாதி உயிரெழுத்தை விழுங்கி, ஆறு எழுத்துக்குள் அடக்கியிருப்பார்கள். அன்றைய லிங்கர்கள் சில, வெளிப்பெயரில் முதல் ஆறு எழுத்தைத்தான் பார்க்கும். சிக்கனம் என்பது அந்த மொழியின் பிறப்பிலேயே இருந்தது. நான் பட்ட பாட்டுக்கும் அந்தச் சிக்கனம்தான் மூலம்.

ரயிலில் கடைசிப் பெட்டியின் பின்னால் மஞ்சளில் எல்.வி. என்று ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வண்டி என்று அர்த்தம். ஸ்டேஷனைக் கடக்கும் ரயிலில் அந்தப் பலகையைப் பார்த்தால்தான் ரயில் முழுசாகப் போய்விட்டது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஊழியருக்குத் தெரியும். எத்தனை பெட்டி என்று எண்ண வேண்டியதில்லை. பலகை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சி மொழியில் ஒரு பெயரோ வாக்கியமோ நினைவகத்தில் இப்படித்தான் நிற்கிறது. எழுத்துக்கு ஒரு பைட்டாக வரிசையாக நின்று, கடைசியில் பூஜ்ய மதிப்புள்ள ஒரு பைட். அந்தப் பூஜ்யம்தான் எல்.வி. பலகை. எத்தனை எழுத்து என்ற எண்ணிக்கை எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம். எஞ்சினிலேயே "பின்னால் 18 பெட்டி" என்று எழுதி ஒட்டிவிடலாம். சியின் பாட்டன் அப்படித்தான் செய்தது. 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் சரத்தின் முதல் பைட்டில் எழுத்துகளின் எண்ணிக்கை இருக்கும். அதைச் சுருக்கி பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பி என்ற மொழியைச் செய்தபோது எண்ணிக்கையை எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு முடிவுக் குறியை வைத்தார். பியிலிருந்து டென்னிஸ் ரிட்சி சியை வளர்த்தெடுத்தபோது அந்தக் குறி பூஜ்யமானது.

ஏன் மாற்றினார்கள்? 1993-இல் சியின் வளர்ச்சியைப் பற்றி ரிட்சி ஒரு கட்டுரை எழுதினார். அதில் இரண்டு காரணம் சொல்கிறார். எட்டு அல்லது ஒன்பது பிட்டுக்குள் எண்ணிக்கையை வைத்தால் சரத்தின் நீளத்துக்கு ஒரு வரம்பு வந்துவிடும். எட்டு பிட் என்றால் 255 எழுத்து. டர்போ பாஸ்கல் பழகியவர்களுக்கு இந்த 255 நன்றாகவே தெரியும். இரண்டாவது காரணம், எண்ணிக்கையைச் சரியாகப் பராமரித்துக்கொண்டே இருப்பதைவிட முடிவுக்குறி வைப்பது அவர்கள் அனுபவத்தில் வசதியாகப் பட்டது. அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒரு அலுவலகத்தில் பத்துப் பேர் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. உலகத்தின் பாதி மென்பொருள் அதன்மேல் ஏறி உட்காரும் என்று அவர்கள் எண்ணியிருக்க வழியில்லை. 2011-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் கேம்ப் என்ற ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர், கணிப்பொறி வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்த ஒற்றை பைட் தவறு இதுதான் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். சேமித்தது ஒரு பைட், நட்டம் எத்தனை என்பது அவர் கேள்வி. நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். 1970-இல் ஒரு பைட் ஒரு பைட்தான்.

இப்போது நகலெடுக்கும் விஷயம். ஸ்டர்காப்பிக்கு எங்கிருந்து, எங்கே என்று இரண்டு விலாசம் கொடுத்தால் போதும். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்துக்கொண்டே போய், பூஜ்யத்தைக் கண்டதும் அதையும் எடுத்து வைத்துவிட்டு நின்றுவிடும். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தில் இது ஒரே வரி. உடலே இல்லாத லூப். முதல்முறை அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது, இப்போதும் ஞாபகம். அதில் வரும் இரட்டைப் பிளஸ், பிடிபி-11 இயந்திரத்தின் ஒரு வசதிக்காகவே மொழியில் வந்தது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதையும் ரிட்சி மறுத்திருக்கிறார். பியில் இரட்டைப் பிளஸ் வந்தபோது பிடிபி-11 பிறக்கவே இல்லையாம்.

மெம்காப்பி வேறு ஜாதி. அதற்கு எழுத்து, பெயர், பூஜ்யம் எதுவும் தெரியாது. எங்கிருந்து, எங்கே, எத்தனை பைட் என்று மூன்று தகவல் கொடுக்க வேண்டும். சொன்ன எண்ணிக்கையைத் தூக்கி வைக்கும். நடுவில் பூஜ்யம் வந்தாலும் கவலைப்படாது, கடைசியில் பூஜ்யம் வராவிட்டாலும் கவலைப்படாது. ஒவ்வொரு பைட்டையும் பூஜ்யமா பூஜ்யமா என்று சோதிக்க வேண்டியதில்லை என்பதால் மூட்டை மூட்டையாகத் தூக்கலாம். அதனால் வேகம். சம்பளம் போட எங்கள் இயந்திரம் இரவு முழுக்க எடுத்துக்கொண்டிருந்தது. வேகம் வேண்டும் என்று மேலிடத்து நச்சரிப்பு. நான் ஸ்டர்காப்பி இருந்த இடங்களில் மெம்காப்பியைப் போட்டேன். எத்தனை பைட்? அதற்கும் ஒரு சாதனம் இருக்கிறதே: ஸ்டர்லென். பெயரின் நீளத்தைச் சொல்லும்.

(நீளம் தெரியவேண்டும் என்றால் ஸ்டர்லென் பூஜ்யம்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஆகவே நான் மிச்சம் பிடித்த நேரம் ஒன்றுமே இல்லை. இது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.)

விஷயம் என்னவென்றால், ஸ்டர்லென் எல்.வி. பலகையை எண்ணாது. பெட்டிகளை மட்டும் எண்ணும். முருகன் என்பது ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. ஸ்டர்லென் ஏழு என்று சொல்லும். நினைவகத்தில் நிற்பதோ எட்டு பைட். மெம்காப்பி ஏழைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டது. பூஜ்யம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மேலாளர் வீட்டுக்குப் போன பிறகு, இரண்டாம் நாள் இரவு, பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மாதம் நிரந்தரமானவர்கள் நான்கு பேர். அவர்களுக்கு மட்டும் தனிக் கோப்பு, புதிதாக எழுதிய பகுதி. அகர வரிசையில் ஆறுமுகம், கிருஷ்ணமூர்த்தி, முருகன், ராதாகிருஷ்ணன். நான்கு பெயரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்து அச்சாகும். புரோகிராம் தொடங்கும்போது அந்த இடம் முழுக்கப் பூஜ்யம். ஆறுமுகம் எட்டு எழுத்து; அவருக்குப் பின்னால் ஏற்கெனவே பூஜ்யம் இருந்ததால் பெயர் சரியாக முடிந்தது. கிருஷ்ணமூர்த்தி பதின்மூன்று, அவர் ஆறுமுகத்தை முழுசாக மூடிவிட்டார், அவருக்குப் பின்னும் பழைய பூஜ்யம். அடுத்து முருகன். ஏழு எழுத்து. கிருஷ்ணமூர்த்தியில் கிருஷ்ண என்பது ஆங்கிலத்தில் சரியாக ஏழு எழுத்து. அந்த ஏழின்மேல் முருகன் வந்து உட்கார, மூர்த்தி அப்படியே மிஞ்சிவிட்டார். முருகன்மூர்த்தி! நான்காவது ராதாகிருஷ்ணன், மறுபடி பதின்மூன்று. எல்லாவற்றையும் மூடிவிட்டார், தடயமே இல்லை.

அச்சான பெயர் ஏதோ தாறுமாறாக இருந்திருந்தால் முதல் நாளே புரோகிராமைச் சந்தேகித்திருப்போம். முருகன்மூர்த்தி என்று ஒரு ஆள் இருக்கக்கூடும் போலத் தோன்றியதுதான் வினை. நான் சோதித்தபோது இரண்டு பெயர் போட்டுத்தான் பார்த்தேன். முதலில் சின்னப் பெயர், பிறகு பெரிய பெயர். திருப்பிப் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

திருத்தம் ஒரு எழுத்துதான்: ஸ்டர்லென்னுக்குப் பக்கத்தில் "கூட்டல் ஒன்று". காலையில் போய் மேலாளரிடம் சொன்னேன். வங்கிக்கு அன்றே கடிதம் போனது. முருகனுக்கு மறுநாள் பணம் ஏறியது. "மெமோ?" என்று கேட்டேன். "குடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதுப்பா. நீ ஒரு விளக்கம் எழுதிக் குடு, அந்தப் பொண்ணு ஃபைல்ல வெச்சிடலாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வைத்தார்களா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னபோது, "முதல்லயே உங்க புரோகிராமைப் பார்த்திருக்கலாமே சார்" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, அமெரிக்காவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கோளாறு பெரிய அளவில் வெடித்திருந்தது. எங்களுக்குச் செய்தி மெதுவாகத்தான் வந்தது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர், தானே பரவும் ஒரு புரோகிராமை இணையத்தில் விட்டார். அது நுழைந்த வாசல்களில் ஒன்று ஃபிங்கர் என்ற சேவை. வெளியிலிருந்து வரும் வரியை கெட்ஸ் என்ற செயற்கூறால் வாங்கி 512 பைட் இடத்தில் வைக்கும். கெட்ஸுக்கு இடம் எவ்வளவு என்று சொல்லவே வழி கிடையாது, வருவதையெல்லாம் வாங்கும். மோரிஸின் புழு 536 பைட் அனுப்பியது. மிகுந்த 24 பைட் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, செயற்கூறு முடிந்து திரும்பிப் போகவேண்டிய விலாசத்தையே மாற்றி எழுதியது. கடிதம் நீளமாகிப் போய் உறையின்மேல் உள்ள விலாசத்தையே அழித்து எழுதின மாதிரி. வாக்ஸ் இயந்திரங்கள் அந்தப் புது விலாசத்துக்கு அடக்கமாகப் போயின. மோரிஸின் தந்தை பெல் ஆய்வகத்தில் ஆரம்பகால யூனிக்ஸில் வேலை பார்த்தவர். அப்போது தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார். மகனுக்குச் சிறை இல்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் காவல், 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். கெட்ஸை சி மொழியின் தரநிலையிலிருந்து எடுத்தது 2011-இல். இருபத்துமூன்று வருடம்! ஒரு கெட்ட பழக்கத்தை விட அவ்வளவு காலம்.

அளவு சொல்லாமல் நகலெடுப்பது ஆபத்து என்று தெரிந்ததும் எல்லாரும் ஓடிப்போய் ஒளிந்த இடம் ஸ்டர்-என்-காப்பி. இதற்கு அதிகபட்சம் எத்தனை எழுத்து என்று சொல்லலாம். பாதுகாப்பானது என்று என் காலத்தில் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். ஆனால் அது பாதுகாப்புக்காகப் பிறந்ததே அல்ல. பழைய யூனிக்ஸில் ஒரு அடைவின் ஒவ்வொரு பதிவும் 16 பைட். இரண்டு பைட் ஐ-நோடு எண்ணுக்கு, மிச்சம் 14 பைட் கோப்பின் பெயருக்கு. பெயர் சின்னதானால் மிச்ச இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பு. சரியாகப் பதினான்கு எழுத்தானால் பூஜ்யம் வேண்டாம், இடம்தான் நிறைந்துவிட்டதே. இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அதைத்தான் பொதுவாக எல்லாருக்கும் போட்டுவிட்டார்கள். சொன்ன அளவுக்கு எழுத்து நிறைந்துவிட்டால் ஸ்டர்-என்-காப்பி பூஜ்யம் வைக்காது. எல்.வி. பலகை இல்லாத ரயில் மறுபடியும். அளவு பெரிதானாலோ மிச்சம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மாற்றாக 1998-இல் ஓபன்பிஎஸ்டியில் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் ஸ்டர்-எல்-காப்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இடம் இருக்கும் வரை நகலெடு, எப்படியும் கடைசியில் பூஜ்யம் வை, முழு நீளம் எவ்வளவு என்று திருப்பிச் சொல். லினக்ஸ் பக்கத்தில் ஜிலிப்சியைப் பார்த்துக்கொண்ட உல்ரிக் ட்ரெப்பர் அதை ஏற்கவே மாட்டேன் என்று விட்டார். வால் வெட்டுப்பட்ட சரத்தைச் சத்தமில்லாமல் கொடுப்பது இன்னொரு வகைத் தவறு என்பது அந்தப் பக்க வாதம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சண்டை நடந்த விதம், கோவில் கமிட்டி சண்டை தோற்றுவிடும். கடைசியில் 2023-இல், 2.38 பதிப்பில், ஜிலிப்சியும் ஏற்றுக்கொண்டது. கால் நூற்றாண்டு.

மெம்காப்பிக்கும் தனியாக ஒரு கதை உண்டு. பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரு இலை வலப்பக்கம் நகர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் முதலில் நகர்ந்தால் சுமுகமாக நடக்கும். முதல் ஆள் முதலில் நகர்ந்தால் பக்கத்து ஆளின் மடியில்தான் உட்கார வேண்டும். ஒரே சரத்துக்குள் எழுத்துகளை நகர்த்தும்போது இதுதான் பிரச்சினை. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது முக்கியம். 1989-இல் வந்த அமெரிக்கத் தரநிலை இதற்கு இரண்டு கதவு வைத்தது. மெம்மூவ் என்றால் ஏறியிருந்தாலும் பார்த்துப் பக்குவமாகச் செய்யும். மெம்காப்பி என்றால் ஏறியிருக்காது என்று நீ உத்தரவாதம் தருகிறாய். ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லமாட்டேன்.

உத்தரவாதத்தை யார் படித்தார்கள்? பெரும்பாலான இயந்திரங்களில் மெம்காப்பி முன்னிருந்து பின்னாகவே போனதால், இடப்பக்கம் நகர்த்துகிறவர்கள் தவறாகப் பயன்படுத்தியும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். 2010-இல் ஜிலிப்சி புதிய இன்டெல் சில்லுகளுக்காக வேகமான மெம்காப்பியைக் கொண்டுவந்தது. அது சில சமயம் பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. ஃபெடோரா 14 போட்டவர்களுக்குத் திடீரென்று ஃப்ளாஷ் பிளேயரில் பாட்டு கரகரத்தது. தேடிப் பார்த்தால் ஃப்ளாஷ், ஏறியிருந்த இடங்களுக்கு மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது. தவறு ஃப்ளாஷுடையது, நாங்கள் விதிப்படிதான் செய்தோம் என்றது ஒரு தரப்பு. லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் புகாரில் வந்து, பாட்டு கேட்கிற சாதாரண ஆளுக்கு விதியா முக்கியம் என்ற தொனியில் வாதாடினார். முடிவில் பழைய புரோகிராம்களுக்குப் பழைய நடத்தை, புதிதாகத் தொகுப்பவற்றுக்குப் புதியது என்று பாகம் பிரித்தார்கள். நான் லினஸ் கட்சி.

2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் இன்னும் கொடுமை. ஓபன்எஸ்எஸ்எல்லில் ஒரு இதயத்துடிப்பு வசதி: எதிர்முனை ஒரு சொல்லை அனுப்பி, இதன் நீளம் இவ்வளவு, அப்படியே திருப்பி அனுப்பு என்று கேட்கும். சொன்ன நீளத்தை நம்பி மெம்காப்பி அள்ளிக் கொடுத்தது. ஒரே எழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 65,535 என்று பொய் சொன்னால், அதற்குப் பக்கத்தில் நினைவகத்தில் கிடந்த 64 கிலோபைட் வரைக்கும் — கடவுச்சொல்லோ, ரகசியச் சாவியோ, எது கிடந்தாலும் — போய்ச் சேர்ந்தது. கனடாவின் வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் அப்படித்தான் களவுபோயின. இரண்டு வருடமாக அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. இங்கே பூஜ்யத்தின்மேல் பழி போட முடியாது. எண்ணிக்கை எழுதியிருந்தது, அது பொய் எண்ணிக்கை.

எண்ணிக்கையும் பலகையும் மோதிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு, எனக்குப் பிடித்தது. வலைத்தளச் சான்றிதழில் தளத்தின் பெயர் எண்ணிக்கை போட்டு எழுதப்படும். நடுவில் பூஜ்யம் வரலாம். உலாவியோ சியில் எழுதியது. பூஜ்யத்தைக் கண்டால் நின்றுவிடும். 2009 ஜூலையில் லாஸ் வேகாஸில் மாக்ஸி மார்லின்ஸ்பைக் இதைச் செய்து காட்டினார். வங்கியின் பெயர், பிறகு ஒரு பூஜ்யம், பிறகு தன் சொந்தத் தளத்தின் பெயர் என்று ஒரு சான்றிதழ் கேட்டால், கொடுக்கிறவர் கடைசிப் பகுதியைப் பார்த்து, அது இவருடைய தளம்தானே என்று கொடுத்துவிடுவார். உலாவி பூஜ்யம் வரை படித்துவிட்டு, வங்கிதான் என்று பூட்டுப் படம் காட்டும். ரயிலின் நடுவில் எல்.வி. பலகையை மாட்டியது போல.

தமிழுக்கும் இந்தப் பூஜ்யத்துக்கும் ஒரு உறவு இருக்கிறது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், கென் தாம்சன் யுடிஎஃப்-8 குறியீட்டை வரைந்தார். பக்கத்தில் ராப் பைக். பியில் முடிவுக் குறியை வைத்த அதே தாம்சன். உலக மொழிகள் எல்லாவற்றையும் குறிக்கவேண்டும், ஆனால் எந்த எழுத்தின் பைட்டிலும் பூஜ்யம் வந்துவிடக் கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. வந்தால் இருபது வருட சி புரோகிராம்கள் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத ஸ்டர்காப்பி இன்றும் தமிழை ஒழுங்காக நகலெடுக்கிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். முருகன் என்று தமிழில் எழுதினால் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி — இங்கேயும் ஏழு! இருபத்தொரு பைட், பூஜ்யத்தோடு இருபத்திரண்டு.

என் தங்கை பேரன் கல்லூரியில் சி படிக்கிறான். போன மாதம் வந்திருந்தபோது அவனுடைய மாணவர் பட்டியல் புரோகிராமைக் காட்டினான். பெயருக்கு இருபது பைட் இடம், ஸ்டர்-என்-காப்பி, கடைசி பைட்டில் கையால் பூஜ்யம் வைத்திருந்தான். கெட்டிக்காரன். "தமிழ்ல முருகன்னு அடிடா" என்றேன். பத்தொன்பது பைட்டுக்குமேல் போகாததால் புள்ளி பாதியில் வெட்டுப்பட்டு, "முருகன" என்று வந்து, பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நின்றது. "எப்படித் தாத்தா தெரிஞ்சு சரியா இந்தப் பேரைச் சொன்னீங்க?" என்றான். சொன்னேன், முழுக் கதையும். மெமோ விஷயத்தில் மட்டும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இருபதை அழித்துவிட்டு அறுபத்துநான்கு என்று போட்டான்.